கிணற்றடியில் ஐந்து துண்டுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருசாந்தன் தேத்தண்ணி குடிக்க முந்தியே கிணற்றுக்கட்டின்மேல் ஐந்து துண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டான். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம் இருக்கும். முதலாவது கறுப்புக் கிரனைற் கல். இரண்டாவது வெள்ளை மாபிள். மூன்றாவது அவனே வார்த்து மினுக்கிய சீமெந்துத் தட்டு. நாலாவது வேப்பம் பலகை. ஐந்தாவது போமைக்காத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகை. எல்லாவற்றுக்கும் அடிப்பக்கத்தில் தன் மேசன் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தான்.

"பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ நிப்பாட்டி வைச்சிருக்கிறீங்கள்," என்றாள் சுதாஜினி, கோப்பையை நீட்டியபடி.

"உன்னைப் பாக்க வந்த நாளில ரெண்டு நிமிசம்தான் பாத்தனான். அதான் இதுகளை ஆறுதலாப் பாக்கிறன்."

"அப்ப என்னைப் பாத்ததில பிழை விட்டிட்டீங்களாக்கும்?"

"பிழை எண்டு ஆர் சொன்னது? பட்ட கறை போகுதில்லை எண்டுதான் சொல்லலாம்."

அவள் கோப்பையை இழுத்துப் பறிக்கப் பார்த்தாள். அவன் ஒரே மிடறில் குடித்துவிட்டான்.

கிருசாந்தன் தர்மபுரத்தில் பேர்போன மேசன். அந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் குசினிக்குக் கல் பதித்தவன் அவன்தான். மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டிலில் சாத்திவைப்பான். வேப்பம் பலகை மட்டும் சொந்த மரம். போன வருடக் காற்றுக்கு வீட்டுக்குப் பின்னால் விழுந்த வேம்பை மரக்காலைக்குக் கொண்டுபோய் அரிந்து, பலகைகளுக்கு இடையில் சிராய் வைத்து நிழலில் காயவிட்டிருந்தான்.

சுதாஜினி பத்திக் துணி செய்கிறவள். துணியில் மெழுகால் கோடு இழுத்து, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகை உருக்கி எடுக்கிற வேலை. ஏழு வருடமாக, ஜெயரூபி, வினோஜா என்ற இரண்டு பெண்களையும் கூட வைத்து, வீட்டு விறாந்தையில்தான் செய்தாள். ஐப்பசி பிறந்தால் தூவானம் உள்ளே வந்து பாதித் துணி பழுதாகும். அதனால் வீட்டோடு சேர்த்து ஒரு அறை எழுப்பினார்கள். சுவர் பூசியாயிற்று, கூரை போட்டாயிற்று. நிலம் இன்னும் மண்தான். மிஞ்சியிருந்தது நிலமும் வேலைமேசையும். மேசைக்கு மேலே எதைப் போடுவது என்பதில் இரண்டு பேருக்கும் மூன்று மாதமாக ஒத்துவரவில்லை.

"முதிரைப் பலகை வைக்கேல்லையே?" என்றாள்.

"ஜெயரூபி துணியை ஆணி குத்தித்தானே பிடிக்கிறவள்? முதிரையில குத்தினா ஆணிதான் வளையும்."

அவள் சிவப்பும் நீலமுமாகச் சாயம் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. பக்கத்தில் தேசிக்காய் பிழிந்த புளி ஒரு சொட்டு, உருகிய மெழுகு ஒரு சொட்டு. அடுப்பில் காய்ந்த தாச்சியைத் தூக்கிவந்து அறுபது எண்ணும்வரை ஒவ்வொன்றின் மேலும் வைத்தான். போமைக்கா முப்பதிலேயே மணந்தது.

"ஒரு கிழமை கிடக்கட்டும். வெயிலும் படட்டும், மழையும் படட்டும். அடுத்த ஞாயிறு ரெண்டு பேருமாப் பாப்பம்."

"எது வெல்லும்?"

"எனக்குத் தெரியும்."

"சொல்லுங்கோவன்."

"சொன்னா நீ வேணுமெண்டே மற்றதைப் பிடிப்பாய். ஞாயிறு சொல்லுறன்."

பிறகு அவளைப் புது அறைக்குள் கூப்பிட்டான். போகும்போது நாலாம் இலக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். அதை மண்நிலத்தில் போட்டு, "ஏறி நில்," என்றான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். குந்தியிருந்து அவளுடைய குதிக்காலைப் பிடித்து, பலகையில் சரியாகப் பதிகிறதா என்று பார்த்தான். எழுந்து, கையை மடக்கச்சொல்லி, முழங்கைக்கு நேரே சுவரில் ஒரு கோடு. அதற்கு நாலு விரல் கீழே இன்னொரு கோடு.

"மேல்கோடு உன்ர முழங்கை. கீழ்க்கோடு மேசை. இனி குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகுது எண்டு இரவில அழக்கூடாது."

பலகையைத் திரும்பவும் கிணற்றடியில் வைத்துவிட்டு, சாயத்தொட்டிக்கு ஒரு குழாய் வாங்கவேண்டும் என்று மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

"போட்டு வாறன்."

அவள் தலையை ஆட்டினாள். அரிசி அரித்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தது.

பரந்தன் வீதியில் மண் ஏற்றிக்கொண்டு வந்த டிப்பர் ஒன்று மாட்டுக்கு விலத்தியதாம். மாட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. குழாய் பையோடு வீட்டுக்கு வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

செத்தவீடு மழையோடு நடந்தது. முற்றம் சேறாகி, தகரப் பந்தலில் தண்ணீர் தொங்கியது. அயலவர்கள் கற்கள் கூட்டி அடுப்பு மூட்டித் தேத்தண்ணி கொடுத்தார்கள். உடலில் பூசுகிற சுண்ணம் இடிக்கிற சடங்குக்கு நேரம் வந்தபோது அந்த வீட்டில் உரல் இல்லை. எல்லாரும் மில்லில் மா இடிக்கிற காலம். மூன்றாம் வீட்டிலிருந்து உருட்டிவந்த உரல் சேற்றில் சரிந்து சரிந்து நின்றது. கீழே ஏதோ வைத்து நிமிர்த்தி இடித்தார்கள். சுதாஜினிக்கு அந்தச் சத்தம் மட்டும் நினைவிருந்தது. ஒரு தரம் உலக்கை விழுந்தபோது சத்தம் வேறுமாதிரிக் கேட்டது. அதுவும் நினைவிருந்தது.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டியும் முடித்து வந்த அடுத்த நாள் காலையில்தான் அவள் கிணற்றடியை நிமிர்ந்து பார்த்தாள். கிணற்றுக்கட்டில் ஒரு துண்டும் இல்லை.

தேடினாள். மாபிள் துண்டு, தேத்தண்ணி காய்ச்சிய இடத்தில் கிடந்தது. கேத்திலை நெருப்பிலிருந்து தூக்கித் தூக்கி அதில்தான் வைத்திருந்தார்கள். மினுக்கம் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடித்து, வெடிப்புக்குள் சாயம் இறங்கியிருந்தது. சீமெந்துத் தட்டு வாசலில் கிடந்தது. அதன்மேல் கற்பூரம் எரித்த கறுப்பு வட்டம், ஓரத்தில் வெற்றிலை துப்பிய சிவப்பு. தேசிக்காய்ப்புளி பட்ட இடத்தில் விரல் நுனி அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. போமைக்கா மழையில் ஊதி, ஓரம் பிரிந்து நின்றது. வேப்பம் பலகை குசினிப் பின்வாசலில். எட்டுச்செலவுக்குக் கத்தரிக்காயும் வாழைக்காயும் அதில்தான் வெட்டினார்கள் போல. நெடுக்கும் குறுக்குமாகக் கத்திக்கோடு, நடுவில் மஞ்சள். கழுவிப் பார்த்தாள். கறை போகவில்லை. ஆனால் வளையவும் இல்லை, வெடிக்கவும் இல்லை.

கிரனைற் கல்லைப் பந்தல்கால் நட்ட குழிக்குப் பக்கத்தில் கண்டாள். இரண்டாகப் பிளந்து, சேற்றில் பாதி புதைந்து கிடந்தது.

ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். எங்கேயாவது ஒன்றின் அடியில் ஒரு சரி போட்டிருப்பானோ என்று ஒரு எண்ணம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இலக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று பின்னேரம் பாலன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினான். கிருசாந்தனின் தம்பி, அவனும் மேசன்தான், தமையனிடம் பழகியவன். பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவில் எட்டடி நீளக் கறுப்புக் கிரனைற் கல் ஒன்று நின்றது. நாலு பேராக இறக்கிச் சுவரில் சாத்தினார்கள். பார்த்தவர் முகம் அதில் தெரிந்தது.

"அண்ணி, இன்னும் பன்ரெண்டு நாளில நான் கட்டார் போறன். போக முந்தி நிலத்தையும் போட்டு, மேசையையும் கட்டித் தந்திட்டுத்தான் போவன். கல்லுக்கு நீங்கள் யோசிக்கவேண்டாம். அண்ணைக்கு நான் செய்யிறது."

சுதாஜினி கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பாலன், நான் இன்னும் என்ன போடுறதெண்டு முடிவெடுக்கேல்லையே."

"இதில என்ன முடிவு? இதுக்கு மேல ஒண்டும் இல்லை."

"ஓம் பிள்ளை," என்றார் விமலேஸ்வரி, குசினிப் படியிலிருந்து. கிருசாந்தனின் தாய். செத்தவீட்டுக்கு வந்தவர் இன்னும் திரும்பிப் போகவில்லை. "ஊர் முழுக்கக் கல்லுப் போட்டுக் குடுத்த பிள்ளை. தன்ர வீட்டில ஒரு சாண் போடேல்லை எண்டு சனம் கதைக்கக்கூடாது. கல்லுத்தான் போடவேணும்."

"மாமி, அவர் அதுதான் நல்லது எண்டு சொல்லேல்லை."

"வேற எது நல்லது எண்டு சொன்னவன்?"

ஞாயிறு சொல்லுறன் என்றுதான் சொன்னவன். எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. பலகையைப் பிடித்தால் அவன் மனதில் கல் இருந்ததோ என்று கிடக்கும். கல்லைப் பிடித்தால் அதுவும் அப்படித்தான். அவளுக்கும் அவனுக்கும் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருமாகக் கதைத்துக் கதைத்து வளர்த்தது இந்த அறை ஒன்றுதான். அந்தக் கதையை ஒருத்தியாக முடித்துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முடிக்காமலும் விடமுடியாது. யாழ்ப்பாணத்துக் கடைக்கு மார்கழி முடிய முன் நாற்பது துணி கொடுக்கவேண்டும். மழை தை வரைக்கும் விடாது. பாலன் போய்விட்டால் மேசை இல்லை. மேசை இல்லாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். கூடவேலை செய்த வினோஜா ஏற்கெனவே ஆடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ஜெயரூபிக்குப் போக இடமில்லை. இடதுகை முழங்கையோடு போனவளை எந்தத் தையல் மெசினில் இருத்துவார்கள்?

மூன்று நாள் கல் சுவரில் சாத்தியபடியே நின்றது. பாலன் நிலத்துக்குக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து பறித்துவிட்டு, காலையில் வந்து கேட்பான், பின்னேரம் வந்து கேட்பான். நாலாம் நாள் சுதாஜினி ஜெயரூபிக்கு ஆள் அனுப்பினாள்.

ஜெயரூபி குடையைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் கல்லைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, இதென்ன கண்ணாடியே? எனக்குத் தலை இழுக்க நல்லாயிருக்கும்."

"அதில வேலை செய்து பாத்துச் சொல்லு."

பாலன் இரண்டு பக்கமும் சீமெந்துக் கல் அடுக்கி, கிரனைற்றைப் படுக்கவைத்தான். பக்கத்தில் அதே உயரத்துக்குக் கொட்டிலில் இருந்த வேப்பம் பலகைகளில் மூன்றைச் சேர்த்துப் போட்டான். விமலேஸ்வரி கதிரையை இழுத்துவந்து கிட்ட இருந்தார். சுதாஜினி மெழுகை உருக்கி வைத்தாள்.

ஜெயரூபி துணியைக் கல்லில் விரித்தாள். குறைக்கையால் ஒரு மூலையை அமத்தினாள். மற்ற மூலை வழுக்கிக்கொண்டு போனது. இழுத்தாள், இந்த மூலை போனது.

"பாருங்கோ, ஓடிப் பிடிச்சு விளையாடுது. பாலன் அண்ணை, இந்தக் கல்லுக்கு ரெண்டு கை வேணும். என்னட்டை ஸ்ரொக் இல்லை."

பாலன் சிரிக்கப் பயந்து சிரித்தான். சுதாஜினி இரண்டு மூலையையும் பிடித்துக்கொடுத்தாள். ஜெயரூபி தூரிகையை மெழுகில் தோய்த்துக் கோடு இழுத்தாள். பிறகு துணியைப் புரட்டிக் காட்டினாள். மேலே வெள்ளையாகக் கட்டி நின்றது. அடிப்பக்கம் ஒன்றும் இல்லை.

"கல்லுக் குளிர், அக்கா. மெழுகு துணிக்குள்ள இறங்க முந்தி இறுகிப்போகுது. சாயம் போட்டா அடியால பூந்திடும்."

"வெயில் வந்தா சூடாகும்தானே?" என்றான் பாலன்.

"வெயில் வந்தா நான் வெளியில இருந்தெல்லோ செய்வன். மழைக்குத்தானே இந்த அறை."

பலகையில் துணியை விரித்து, பல்லால் கடித்து வைத்திருந்த சின்ன ஆணிகளைப் பெருவிரலால் அமத்தினாள். ஆணி சுகமாய் உள்ளே இறங்கியது. நாலு ஆணி, நாலு மூலை. கோடு இழுத்துப் புரட்டினாள். அடிப்பக்கத்திலும் அதே கோடு.

"பலகையில கறை பிடிக்கும்," என்றார் விமலேஸ்வரி. "ஒரு வருசத்தில அசிங்கமாப் போகும். கல்லெண்டா துடைச்சுவிடலாம்."

"கறை பிடிக்கட்டும் மாமி. வேலை செய்யிற மேசைதானே."

"இல்லைப் பிள்ளை. கல்லுத்தான்."

"ஏன் மாமி? நீங்களும் பாத்தனீங்கள்தானே?"

விமலேஸ்வரி சேலைத் தலைப்பைச் சுருட்டினார், விரித்தார்.

"அவன் வைச்ச கல்லு ரெண்டாப் போச்சுது. கண்டனியே?"

"கண்டனான்."

"அது நான்தான். உரல் ஆடுது, ஏதும் சமமாக் கிடக்கோ எண்டு பொடியள் கேட்டாங்கள். நான் குழறிக்கொண்டு இருக்கிறன். அந்தக் குழறலுக்குள்ளயும் கிணத்தடியில ஒரு கல்லுக் கிடக்கு, எடுங்கோ எண்டு வாய் சொல்லிப்போட்டுது. என்ர பிள்ளை எனக்கு முன்னால கிடக்கிறான். நான் வீட்டுச் சாமான் எடுத்துக் குடுக்கிறன். அவன் அதை ஆசையா எடுத்து வைச்சதெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. எட்டுச்செலவுக்குப் பிறகு நீதான் அஞ்சு துண்டுக் கதையைச் சொன்னனி. அதான் பாலனிட்டைச் சொல்லி முழுசா ஒண்டு எடுப்பிச்சனான்."

பாலன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சுதாஜினி மாமியாருக்குக் கிட்டப் போய்க் குந்தினாள். "மாமி, அவர் அதுகளை வைச்சதே எது உடையும், எது நிக்கும் எண்டு பாக்கத்தான். தாச்சியைக் காய்ச்சி வைச்சவர், புளி விட்டவர். உலக்கை ஒண்டுதான் மிச்சமாய் இருந்தது."

விமலேஸ்வரியின் வாயிலிருந்து வந்தது சிரிப்போ அழுகையோ என்று சொல்லமுடியாது. "விசர்ப் பிள்ளை," என்றார். அவனைச் சொன்னாரோ இவளைச் சொன்னாரோ.

அதற்குள் ஜெயரூபி வெளியே போய்விட்டு வந்தாள். கையில் பிளந்த கல்லின் ஒரு பாதி. சேற்றைக் கழுவியிருந்தாள். அதைப் பலகையில் துணியின் ஓரத்தில் வைத்துவிட்டு, துணியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"அக்கா, மற்றப் பாதியையும் எடுத்துத் தாங்கோ. நீளத் துணிக்கு ஆணி காணாது. எனக்கு ஒரு கை தந்த மாதிரி இருக்கும்."

மற்றப் பாதியை விமலேஸ்வரிதான் எழுந்துபோய் எடுத்துவந்தார்.

கடைசியில் கிரனைற் கல்லைப் பாலன் சாயத்தொட்டிப் பக்கம் பதிப்பதென்று முடிவாயிற்று. அடுப்பும் அங்கேதான், கொதிதண்ணீரும் சாயமும் சிந்துகிற இடத்தில் துடைக்கிற கல் இருக்கட்டும் என்று சுதாஜினியே சொன்னாள். நீளப் பக்கச் சுவர் முழுக்க வேப்பம் பலகை. "அப்ப சனம் உள்ளுக்க வரேக்க முதல்ல எது தெரியும்?" என்று விமலேஸ்வரி கேட்டார். "கல்லுத்தான் மாமி." அதோடு அவர் குசினிக்குப் போய் உலை வைத்தார்.

அடுத்த நாள் பாலன் அளவுக்கோலோடு புது அறைக்குள் போனவன், உள்ளேயிருந்தே கூப்பிட்டான்.

"அண்ணி, அண்ணை இந்தக் கோடுகளைக் கீறினது நிலம் போட முந்தியெல்லோ? நிலம் ரெண்டு இஞ்சி உயரும். நீங்களும் ரெண்டு இஞ்சி மேல போவியள். அப்ப கோட்டை ரெண்டு இஞ்சி ஏத்திக் கீறவேணும்." பென்சில் ஏற்கெனவே சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வேண்டாம். என்னைப் பலகையில ஏத்தி வைச்சுத்தான் கீறினவர்."

"எந்தப் பலகை?"

"நாலாம் நம்பர்."

பாலன் போய் அந்தப் பலகையைத் தேடி எடுத்து, கனத்தை அளந்தான். இரண்டு இஞ்சி. ஆனாலும் அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "ஏத்தின பிறகோ கீறினவர், கீறின பிறகோ ஏத்தினவர்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணி. மாறினா மேசை பதிஞ்சுபோகும். பிறகு உடைக்கத்தான் வேணும். உடைச்சுக் கட்ட நானும் இருக்கமாட்டன்."

அவள் யோசித்தாள். அந்தக் காலையை அவள் எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள். பார்க்கப் பார்க்க அது தேய்ந்துகொண்டு வந்தது. அரிசி அரித்த தண்ணீரின் குளிர் நினைவிருந்தது. அவன் என்ன சேட்டுப் போட்டிருந்தான் என்பது போய்விட்டது. பலகையில் ஏறியது முந்தியோ பிந்தியோ? கண்ணை மூடினாள். குதிக்காலில் ஒரு கை. சீமெந்து தின்று சொரசொரத்த விரல்கள். அது முதல். கோடு பிறகு.

"ஏத்தின பிறகுதான். கோட்டைத் தொடவேண்டாம்."

பாலன் பென்சிலைக் காதில் சொருகினான்.

நிலம் போட்டு, மூன்று நாள் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். சீமெந்துக் கல்லில் கால்கள் எழும்பின. பலகைகளைச் சீவி, இடுக்கில்லாமல் சேர்த்து, கீழ்க்கோட்டுக்கு நேரே மேற்பரப்பு வரும்படி பாலன் இறுக்கினான். நாலாம் இலக்கப் பலகையையும் கத்திக்கோடுகளோடும் மஞ்சளோடும் ஜெயரூபி நிற்கிற பக்கத்தில் சேர்த்தான். குழாயைப் பூட்டித் திறந்தபோது முதலில் காற்றுத்தான் வந்தது, பிறகு தண்ணீர். பன்னிரண்டாம் நாள் விடிய அவன் விமான நிலையத்துக்கு வான் ஏறினான்.

அவன் போன பிறகு, வெளியே மழை பெய்துகொண்டிருக்க, சுதாஜினி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அறைக்குள் போனாள். புது நிலம் காலில் குளிர்ந்தது. ஜெயரூபி மேசையின் அந்தப் பக்கம் துணிக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி அக்கா, உயரம் சரியோ?"

சுதாஜினி சுவரோடு நெருங்கி நின்று கையை மடக்கினாள். எது வெல்லும் என்று அவன் நினைத்தான் என்பது இனித் தெரியப்போவதில்லை. மேசைக்கு நாலு விரல் மேலே, பூசிய சுவரில், அந்தப் பென்சில் கோடு அவளுடைய முழங்கைக்கு நேரே இருந்தது.